உயரத்தைத் தின்ற பூச்சி

பட்டுப்போன கொடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் எதுவுமே இருக்காது. 1860களில் தென் பிரான்சின் திராட்சை விவசாயிகளைத் திணறடித்த புதிர் இது. 1868 ஜூலையில் மோன்பெலியே நகரத் தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் உயிருள்ள கொடிகளைத் தோண்டினார்கள். வேரெங்கும் மஞ்சள் நிறப் பூச்சி! ஒரு மில்லிமீட்டர் அளவுதான். கொடி சாகும் தறுவாயில் பக்கத்துக் கொடிக்கு நகர்ந்துவிடும்.

ஃபிலாக்சரா என்னும் இந்தப் பூச்சி அசுவினிக்கு உறவு. தாயகம் வட அமெரிக்கா. அங்கிருந்து வந்த திராட்சைக் கன்றுகளோடு கடல் தாண்டியது. அமெரிக்கக் கொடிகள், பூச்சி குத்திய காயத்தைத் தக்கை போன்ற திசுவால் அடைத்துக்கொள்ளும். பிரெஞ்சுக் கொடிகளின் வேரோ வீங்கி அழுகியது. 1863 முதல் 1890 வரை அந்நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் சுமார் 40 சதவீதம் அழிந்தது. வயலில் தண்ணீரைத் தேக்கிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் மருந்தைச் செலுத்தினார்கள். கடைசியில் அமெரிக்க வேர்ப்பகுதியில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டியதுதான் பலித்தது.

அழிந்தது உணவுப் பயிர் அல்ல என்பதை மறக்கக் கூடாது. கடையில் ரொட்டி இருந்தது. ஒயின் விற்ற காசில் அதை வாங்கிய குடும்பங்களின் கையில்தான் பணமில்லை.

அந்த முடை பிள்ளைகளின் உடம்பில் பதிந்தது. அக்காலப் பிரெஞ்சு இளைஞர்களை 20 வயதில் ராணுவத் தேர்வுக்கு அழைத்து உயரம் அளப்பார்கள். அந்தப் பதிவேடுகளைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பூச்சி தாக்கிய ஆண்டுகளில் திராட்சைக் குடும்பங்களில் பிறந்தவர்கள், 20 வயதில் மற்றவர்களைவிட 0.6 முதல் 0.9 சென்டிமீட்டர் வரை குட்டையாக இருந்தார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அற்ப அளவாகத் தோன்றலாம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு முழுவதிலும் பிரெஞ்சுக்காரர்களின் சராசரி உயரம் கூடியது வெறும் 2 சென்டிமீட்டர்! கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் குறைந்தால், உடல் முதலில் உயிரைக் காக்கும். எலும்பின் வளர்ச்சி பின்தங்கும்.

சிசு மரணம் கூடியதாகவோ ஆயுள் குறைந்ததாகவோ அந்த ஆய்வில் தெரியவில்லை. ஆகவே இறப்புப் பதிவேட்டை மட்டும் புரட்டுகிறவருக்கு அந்த வீடுகளின் கஷ்டம் கண்ணில் படாது. ராணுவக் குமாஸ்தா சுவரோரம் நிறுத்தி அளந்த உயரத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது.