மரப்பொந்துச் சிலந்தியின் குடிமாற்றம்

பிராணிகளை வளர்ப்போர் என்றேனும் ஒரு நாள் அவற்றின் இருப்பிடத்தை மாற்ற வேண்டியவர்களாகிறார்கள். குஞ்சாக இருந்தபோது போதுமானதாயிருந்த கூண்டு, பிராணி வளர்ந்த பின்னர் சிறியதாகிவிடுகிறது. கிளியையோ முயலையோ புதிய கூண்டுக்கு மாற்றுவது பெரிய காரியமன்று. மரத்தில் வாழும் பெருஞ்சிலந்தியை ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதும் சில நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியதே. ஆயினும், அச்சிலந்தியின் வாழ்நாளில் மிகுந்த அபாயத்துக்குரிய நிமிடங்கள் அவையாக இருக்கலாம். கை தவறினால் சிலந்தி விழுந்து மடியக்கூடும்; கை அருகில் சென்றால் மனிதர் கடிபட்டுப் பல நாள் வேதனையுற நேரும். பிராணியின் உடலமைப்பையும் இயல்பையும் நன்கு அறிந்து, ஒரு பொந்திலிருந்து மற்றொரு பொந்துக்கு அது தானே நடந்து செல்லுமாறு செய்தால், இவ்விரு தீங்குகளையும் தவிர்க்கலாம்.

குத்தியில் கிடைத்த நீலச் சிலந்தி

மேனாட்டார் 'டரான்டுலா' என்றழைக்கும் பெருஞ்சிலந்திகளுள் நிலத்தில் வளை தோண்டி வாழ்வனவும் உண்டு. மரங்களில் வாழ்வனவும் உண்டு. மரங்களில் வாழ்வனவற்றுள் 'பொயசிலோதீரியா' என்னும் பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. பிரெஞ்சு விஞ்ஞானி யூஜீன் சிமோன் 1885-ஆம் ஆண்டில் இப்பேரினத்தை வகுத்தார். இதனைச் சேர்ந்த இனங்களுள் உலகெங்கும் புகழ் பெற்றது 'பொயசிலோதீரியா மெட்டாலிக்கா' என்னும் நீலச் சிலந்தியாகும்.

ஆந்திர நாட்டில் அனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த குத்தி என்னும் ஊரில், ரயில்வே மரக்கிடங்கு ஒன்றில் இச்சிலந்தி கிடைத்தது. லண்டன் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த ஆர். ஐ. போக்காக் 1899-ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். வேறெங்கோ வெட்டப்பட்ட மரத்துடன் இது ரயிலில் குத்திக்கு வந்து சேர்ந்திருக்கலாம் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் கருத்து. அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் இச்சிலந்தியைப் பற்றிய செய்தியே இல்லை. 2001-ஆம் ஆண்டில்தான், குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் இது மீண்டும் கண்டறியப்பட்டது.

கால்களை விரித்த நிலையில் வளர்ந்த சிலந்தி 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இதன் நீலநிறம் சாயப்பொருளால் உண்டாவதன்று. உடலை மூடியுள்ள மயிர்களின் மிக நுண்ணிய அமைப்பு, வெளிச்சத்தில் உள்ள நீலக்கதிர்களைத் திருப்பி அனுப்புவதால் அந்நிறம் தோன்றுகிறது. இவ்வழகே இச்சிலந்தியை ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வளர்ப்புப் பிராணியாக்கிவிட்டது. அங்கே இது கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் உயிர் வாழ்வதால், வளர்ப்பவர் அதனைப் பன்முறை குடிமாற்ற வேண்டியிருக்கிறது.

உடலமைப்பு கற்பிக்கும் பாடம்

சிலந்தியின் உடல் தலைமார்பு, வயிறு என இரு பகுதிகளால் ஆனது. தலைமார்பின் மேல் கெட்டியான ஓடு உண்டு. வயிறோ மெல்லிய தோலால் ஆன பை போன்றது. இதயம், சீரண உறுப்புகளின் பெரும்பகுதி, பட்டுநூல் சுரப்பிகள், ஏட்டு நுரையீரல்கள் ஆகியவை அதனுள் அமைந்துள்ளன. உயரத்திலிருந்து விழும் பெருஞ்சிலந்திக்கு வயிறு கிழிவதே பெரிய ஆபத்து.

இக்கிழிசல் ஏன் உயிரைப் போக்குகிறது என்பதை அறிய, சிலந்தி நடக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். அதன் கால்களில் உள்ள முக்கியமான இரு மூட்டுகளை மடக்கத் தசைகள் உண்டு. நீட்டத் தசைகள் இல்லை. உடலில் உள்ள குருதிநீரை அழுத்தத்துடன் கால்களுக்குள் செலுத்தியே சிலந்தி அவற்றை நீட்டுகிறது. குருதிநீர் வெளியே ஒழுகிவிட்டால் அழுத்தம் குறைகிறது. கால்கள் நீள மாட்டா. இறந்த சிலந்தியின் கால்கள் உட்புறமாக மடங்கிக் கிடப்பதன் காரணமும் இதுவே. காயம்பட்ட சிலந்தி இரையைப் பிடிக்கவும் இயலாமல், நடக்கவும் இயலாமல் போகிறது.

பாதங்களின் அடியில் அடர்ந்துள்ள நுண்மயிர்களின் உதவியால் இச்சிலந்தி கண்ணாடிச் சுவரிலும் எளிதில் ஏறவல்லது. காட்டில் அபாயம் நேரிட்டால் அது மரத்தைச் சுற்றி ஓடி மறுபுறம் மறையும். அல்லது பட்டையின் இடுக்கில் தன் தட்டையான உடலை நுழைத்துக்கொள்ளும். எட்டுக் கண்கள் இருந்தும் அதன் பார்வை கூர்மையானதன்று. கால்களில் உள்ள மயிர்கள் உணரும் அதிர்வையும் காற்றின் அசைவையும் கொண்டே அது உலகை அறிகிறது. எனவே பெட்டியைத் தட்டுவதும், சிலந்தியின் மேல் வாயால் ஊதுவதும் அதனை மிரளச் செய்யும். மிரண்ட சிலந்தி எத்திசையில் ஓடும் என்று யாராலும் கூற இயலாது.

அமெரிக்கக் கண்டத்துப் பெருஞ்சிலந்திகளுள் பல, பகைவர்மீது அரிப்பை உண்டாக்கும் மயிர்களைப் பயன்படுத்தித் தம்மைக் காத்துக்கொள்கின்றன. ஆசியச் சிலந்திகளுக்கு அவ்வசதி இல்லை. அவை ஓட்டத்தையும் நச்சுப்பல்லையுமே நம்பியுள்ளன. பொயசிலோதீரியாச் சிலந்திகளின் கடியால் மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. எனினும் கடிபட்ட இடத்தில் கடும் வலியும், அதன்பின் உடலின் பல பகுதிகளில் தசைப்பிடிப்பும் ஏற்படுகின்றன. இத்தசைப்பிடிப்பு பல நாட்களும், சிலருக்கு வாரக்கணக்கிலும் நீடித்ததுண்டு. ஆகவே இச்சிலந்தியைக் கையில் எடுப்பது எக்காலத்தும் தகாது.

காலமும் புது வீடும்

தோலுரிக்கும் காலத்தில் சிலந்தியை இடம் மாற்றக் கூடாது. அக்காலம் நெருங்கும்போது அது உணவை மறுக்கும். பொந்தின் வாயை நூலால் மூடிக்கொள்வதும் உண்டு. தோலுரித்தவுடன் நச்சுப்பற்கள் வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை மீண்டும் கறுத்து இறுகும்வரை, வளர்ந்த சிலந்தியாயின் இரண்டு வாரங்களேனும் பொறுத்திருத்தல் நலம். முட்டைப்பையைக் காத்திருக்கும் பெண் சிலந்தியைத் தொந்தரவு செய்தால் அது முட்டைகளையே தின்றுவிடக்கூடும்.

இச்சிலந்தி இரவில் உலவும் இயல்புடையது. பகலில் பொந்தினுள் அடங்கியிருக்கும். எனவே குடிமாற்றத்துக்குப் பகற்பொழுதே ஏற்றது.

புதிய பெட்டி முன்னதாகவே எல்லா வகையிலும் தயாராக இருக்க வேண்டும். மரச்சிலந்திக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். வளர்ந்த சிலந்திக்கு 30 சென்டிமீட்டர் நீளமும் அகலமும், 45 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி போதுமானது. எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் இருத்தல் அவசியம். காற்றோட்டமின்றி ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். தரையில் தென்னை நார்த்தூளைச் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஒரு பகுதியை மட்டும் ஈரமாக வைக்கலாம். ஒரு சிறு தண்ணீர்த் தட்டும் வேண்டும்.

இவை யாவற்றிலும் முக்கியமானது பொந்து. குழாய் வடிவான தக்கைமரப் பட்டையைச் சற்றுச் சாய்வாக நிறுத்தினால் அதுவே சிலந்திக்கு மரப்பொந்தாகிறது. பெட்டியின் கதவு மேற்புறத்தில் இருப்பதைவிட முன்புறத்தில் இருப்பது நல்லது. மரச்சிலந்தி உயரத்திலேயே வலை பின்னுவதால், மேல்மூடியைத் திறக்குந்தோறும் அதன் வீடு கிழிபடும்; சிலந்தியும் திறந்த வாயை நோக்கி மேலேறும்.

மாற்றும் முறை

முதலில் அறையைச் சீர்ப்படுத்த வேண்டும். சன்னல்களை மூடி, கதவின் அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். பிள்ளைகளும் நாய், பூனைகளும் அங்கே இருத்தலாகாது. பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டையும் மேசைமேல் வைக்காமல் தரையிலேயே வைப்பது சிறந்தது. சிலந்தி விழுந்தாலும் அப்போது அதிக உயரத்திலிருந்து விழாது. மென்மையான நீண்ட தூரிகை, அகன்ற வாயுள்ள தெளிவான பிளாஸ்டிக் குவளை, குவளையின் வாயை மூடத்தக்க கெட்டி அட்டை ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

சிலந்தி பழைய பட்டைக் குழாயினுள் இருக்குமாயின் வேலை எளிது. குழாயின் இரு வாய்களையும் துணியுருண்டையால் மெல்ல அடைத்துவிட்டு, குழாயை அப்படியே புதிய பெட்டியினுள் வைத்துவிடலாம். பின்னர் நீண்ட இடுக்கியால் துணியை எடுத்துக் கதவை மூடிவிட வேண்டும். சிலந்தி தான் குடிமாறியதை அறியும் முன்னரே குடிமாற்றம் முடிந்துவிடுகிறது. தான் நெய்த நூலும் அதனுடன் செல்வதால் புதிய இடத்தில் அது விரைவில் அமைதியடைகிறது.

பெட்டியின் சுவரில் சிலந்தி அமர்ந்திருக்குமாயின் குவளையைப் பயன்படுத்தலாம். குவளையின் வாயை அதன் முன்னே பிடித்து, பின்கால் ஒன்றைத் தூரிகையால் இலேசாகத் தொட வேண்டும். சிலந்தி ஓரடி முன்னே நகரும். மறுபடியும் தொட்டால் மேலும் நகரும். குவளையைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டியிருந்தால், இருளை நாடி அது தானே உள்ளே புகும். அப்போது அட்டையால் வாயை மூடி, குவளையைப் புதிய பெட்டியினுள் வைத்து, அட்டையை நீக்கி, கதவைச் சாத்தி விட்டுவிடலாம். அது உடனே வெளிவர வேண்டுமென்பதில்லை. மறுநாள் காலையில் வெற்றுக் குவளையை எடுத்துக்கொண்டால் போதும். இடுக்கியால் சிலந்தியைப் பற்றி எடுப்பது பெருந்தவறு. பற்றிய காலை அது கழற்றி விட்டு ஓடவும் கூடும். இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மீண்டும் வளருமெனினும், அதற்கு நீண்ட காலம் செல்லும்.

சிலந்தி முன்னங்கால்களை உயர்த்தி, அவற்றின் அடிப்புறத்து மஞ்சள் பட்டைகளைக் காட்டினால் அது எச்சரிக்கையாகும். அப்போது பெட்டியை மூடி, வேறொரு நாளில் முயல்வதே அறிவுடைமை.

எல்லா முன்னேற்பாடுகளையும் மீறிச் சிலந்தி வெளியே பாய்ந்துவிட்டால், கையை நீட்டாமல் அசைவற்றிருக்க வேண்டும். அது மனிதரைத் துரத்துவதில்லை. சிறிது தூரம் ஓடி, சுவரிலோ இருண்ட மூலையிலோ நின்றுவிடும். நின்ற பின்னர்க் குவளையை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, சுவருக்கும் குவளைக்கும் இடையே அட்டையை நுழைக்கலாம். ஒருகால் கடி நேர்ந்துவிட்டால், காயத்தைச் சோப்பு நீரால் கழுவிவிட்டுத் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

குடிபுகுந்த பின்

புதிய பெட்டியில் முதற்சில நாட்கள் சிலந்தி சுவரின் மேல்மூலையில் ஒடுங்கியிருப்பது இயல்பே. அதனைப் பொந்துக்குள் விரட்ட முயலலாகாது. ஒரு வாரம் வரை இரை வேண்டியதில்லை; தண்ணீர் மட்டும் போதும். அதன்பின் ஒரு சுவர்க்கோழியை விட்டுப் பார்த்து, தின்னாவிடின் மறுநாள் அகற்றிவிட வேண்டும். பொந்தின் வாயில் புதிய நூல் காணப்படுமாயின், சிலந்தி அவ்வீட்டைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது எனக் கொள்ளலாம்.

காட்டில் உள்ள வீடு

கூண்டில் ஒரு பட்டைக் குழாய்க்கு உள்ள முக்கியத்துவம் காட்டில் ஒரு முதுமரப் பொந்துக்கு உண்டு. விறகுக்காகவும் மரத்துக்காகவும் பழைய மரங்கள் வெட்டப்படுவதால் நீலச் சிலந்தியின் வாழிடம் சுருங்கி வருகிறது. அது காணப்படும் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவானது எனக் கணித்து, சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008-ஆம் ஆண்டில் அதனை மிகவும் அபாயமான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. இராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்டு 2004-ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட மற்றோர் இனமும் அதே நிலையில் உள்ளது. வளர்ப்புக்காகக் காட்டுச் சிலந்திகளைப் பிடித்து விற்பதும் இக்குறைவுக்கு ஒரு காரணமாயிற்று. 2019-ஆம் ஆண்டில் இப்பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்வுடன்படிக்கையை நம் நாட்டில் செயற்படுத்த, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது.

கூண்டுச் சிலந்திக்குப் புதியதொரு பொந்தை ஒரு நாளில் அமைத்துவிடலாம். மரம் முதிர்ந்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்துப் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் செல்கின்றன. அம்மரம் வெட்டப்பட்டால் அதில் குடியிருந்த சிலந்தியை வேறிடத்துக்கு மாற்றுவார் எவருமில்லை. எனவே கூண்டில் பிறந்த சிலந்தியைக் கருத்துடன் காப்பதும், காட்டில் பிறந்ததை அதன் மரத்திலேயே விட்டுவைப்பதும் இப்பிராணியிடத்து ஆர்வமுடையோரின் கடமைகளாகும்.