பாஸ் கிட்டார்: விரல் நுனியும் பிக் முனையும்

பாஸ் கிட்டாரை விரலால் வாசிப்பதுதான் முறை, பிக் என்னும் சிறு பிளாஸ்டிக் தகட்டைப் பிடிப்பது குறுக்குவழி என்று அடித்துச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1960களின் அமெரிக்க ஒலிப்பதிவுகளைக் கூர்ந்து கேட்டவர்களால் இதை ஏற்க முடியாது. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தியைச் சுண்டப் பயன்படுத்தியது வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றைத்தான். லாஸ் ஏஞ்சலீஸில் பீச் பாய்ஸ் உள்ளிட்ட பலருக்கு வாசித்த கரோல் கே பிக் பிடித்தார். இருவரும் பெரும்பாலும் வாசித்தது ஒரே கருவி, ஃபெண்டர் பிரிசிஷன் பாஸ்.

கைப்பழக்கம் அவரவர் பழைய வாத்தியத்திலிருந்து வந்தது. ஜேமர்சன் அதற்குமுன் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் டபுள் பாஸ் கலைஞர். கரோல் கே கிட்டார் கலைஞர். 1963-ல் ஓர் ஒலிப்பதிவுக்கு பாஸ் வாசிப்பவர் வராமல்போகவே, அந்த இடத்தில் இவர் உட்கார்ந்தார். பிக்கும் கூடவே வந்தது.

விரலும் பிக்கும் ஒலியை எப்படி மாற்றுகின்றன? சுண்டுவதற்காக இழுத்துப் பிடித்த தந்தி முக்கோணமாக நிற்கிறது. விட்டதும் அந்த வடிவம் பல அதிர்வுகளாகப் பிரிகிறது. நான்கு தந்திகளில் மிகத் தடித்ததன் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். அதோடு 82, 123, 164 என்று மேற்சுரங்களும் அடுக்காக எழுகின்றன. அவற்றில் எது எவ்வளவு ஒலிக்கும் என்பதில் முக்கோணத்தின் உச்சிக்குப் பெரும்பங்கு உண்டு. விரல் நுனி சதைப்பற்றானது, அகலமானது. அது தொடும் இடத்தில் தந்தி மழுங்கலாக வளைகிறது. தன் அலைநீளம் அந்த அகலத்தோடு ஒப்பிடும் அளவுக்குச் சிறிதாக இருக்கும் உயர் மேற்சுரங்கள் அங்கேயே வலுவிழக்கின்றன. பிக்கின் முனை மெல்லியது, விறைப்பானது. உச்சி கூராக அமைகிறது, உயர் மேற்சுரங்கள் தப்பிப் பிழைக்கின்றன. பிக் தந்தியில் உரசி விலகும் ‘டிக்’ ஓசையும் சேர்ந்துகொள்ள, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் துல்லியமாகக் காதில் விழுகிறது.

இந்த மேற்சுரங்களை வெறும் அலங்காரமாக நினைத்துவிடக் கூடாது. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் 123, 164, 205 ஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வரும் மேற்சுரங்கள் காதுக்கு எட்டினால் போதும். இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளை தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. தேநீர்க் கடை வானொலியில் இளையராஜாவின் பாஸ் நடையைத் தொடர்ந்து ரசித்த நம் காதுகள் செய்ததும் இதைத்தான். இந்த வேலைக்குப் பிக் நிறையவே உதவுகிறது.

அப்படியானால் விரலின் ஒலி மங்கலா? இல்லை. எதனால் சுண்டுகிறோம் என்பதைப்போலவே எங்கே சுண்டுகிறோம் என்பதும் முக்கியம், இந்தச் சர்ச்சையில் பலரும் மறப்பது இதைத்தான். தந்தி நீளத்தின் ஐந்தில் ஒரு பங்கில் சுண்டினால், அடிப்படையைப்போல் ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் கிட்டத்தட்ட எழுவதே இல்லை. அந்த மேற்சுரம் அசையாமல் நிற்கும் புள்ளி அது. தந்தியின் முனையைத் தாங்கும் பிரிட்ஜை நோக்கிக் கை நகர நகர அடிப்படைச் சுரம் பின்வாங்கி, உயர் மேற்சுரங்கள் முன்னுக்கு வருகின்றன. பாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பிரிட்ஜ் அருகே விரலாலேயே சுண்டி எழுப்பிய ஒலியை மங்கல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிக்கைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனால் அதன் ஒலியும் மென்மையாகும்.

ஜேமர்சனையும் கரோல் கேயையும் எதிரெதிர் அணிகளில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜேமர்சனின் கருவியில் பிரிட்ஜ் மூடிக்குள் நுரைப்பஞ்சு தந்திகளை அழுத்திக்கொண்டிருந்தது. கரோல் கே பிரிட்ஜ் அருகே தந்திகளின்மேல் ஃபெல்ட் துணியை வைத்து ஒட்டினார். இரண்டும் சுரத்தின் நீண்ட வாலை வெட்டிவிடுகின்றன. எஞ்சுவது தந்தி விடுபட்டதும் எழும் குறுகிய ஒலிதான். அதனால்தான் சுண்டுவது சதையா பிளாஸ்டிக்கா என்ற வேறுபாடு, பஞ்சும் துணியும் வைத்த அந்தப் பதிவுகளில் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.