முதல் மின்னூற் கருவிகள் வழக்கூன்றாமை

மின்னூல் இன்று பலர் கையிலும் வழங்கும் பொருளாயிற்று. எனினும், அது தோன்றிய அன்றே படிப்போர் நெஞ்சில் இடம்பெற்றுவிடவில்லை. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலிருந்து 'ராக்கெட் ஈபுக்', 'சாஃப்ட்புக்' என்னும் இரண்டு படிப்புக் கருவிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிவந்தன. 2000ஆம் ஆண்டில் இவற்றைச் செய்த இரு நிறுவனங்களையும் கெம்ஸ்டார் என்னும் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. 2003ஆம் ஆண்டில் அதுவும் இவ்வணிகத்தைக் கைவிட்டது. பெரும் புத்தக வணிகராகிய பார்ன்ஸ் அண்டு நோபில் நிறுவனத்தாரும் அவ்வாண்டிலேயே மின்னூல் விற்பனையை நிறுத்தினர். இத்தோல்விக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பலரும் கூறும் விடை கருவியின் குறையைப் பற்றியது. திரை கண்ணுக்கு இனிதாயில்லை, எடை மிகுதி, விலையோ அதனினும் மிகுதி என்பர். இவை பொய்யல்ல. ராக்கெட் கருவி அறுநூறு கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையும், தொடக்கத்தில் 499 டாலர் விலையும் உடையது. தோலுறை போர்த்த சாஃப்ட்புக் 1.3 கிலோ எடையுள்ளது. படுத்துக்கொண்டு படிப்பார்க்கு அது நூலன்று, சுமையே. எழுத்துக்களின் வடிவோ இன்னும் இரங்கத்தக்கது. ஓர் அங்குல நீளத்தில் ஏறத்தாழ நூறு புள்ளிகளே அமைந்த திரையில், அச்செழுத்தின் நுண்மையை எதிர்பார்த்தல் இயலாது.

ஆயினும், இவ்விடை முழுவதும் அமையாது என்றே நாம் கருதுகின்றோம். 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஸ்டீபன் கிங் என்னும் புனைகதை ஆசிரியர் 'ரைடிங் தி புல்லட்' என்ற குறும்புதினத்தை மின்வடிவில் மட்டும் வெளியிட்டார். முதல் நாளிலேயே நான்கு லட்சம் படிகள் வேண்டப்பட்டன. விலை இரண்டரை டாலரே. சில வணிகர் விலையின்றியும் அளித்தனர். அவற்றைப் பெற்றவருட் பெரும்பாலோர் படிப்புக் கருவி உடையவரல்லர். கணிப்பொறித் திரையிலேயே அதனைப் படித்தல் வேண்டும். திரையின் குறை ஒன்றே தடையாயின், இத்துணை மக்கள் அதனை நாடியிரார். ஓர் ஆசிரியரின் பெரும்புகழ் ஈர்த்தது என்பது உண்மையே. எனினும், புகழுக்காகவேனும் திரையைப் பொறுத்தனர் அன்றோ?

ஆகவே, நூல் எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதையும் நோக்கல் வேண்டும். அச்சுநூலை வாங்கியவர் அதற்கு உரியவராகின்றார். படிக்கலாம், இரவல் தரலாம், விற்கலாம், மக்களுக்கு விட்டுச்செல்லலாம். இவ்வுரிமை அமெரிக்க நாட்டில் வழக்காடி நிலைநாட்டப்பட்டது. 'தி காஸ்ட்அவே' என்னும் புதினத்தை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றலாகாது என்று பதிப்பகத்தார் நூலிலேயே அச்சிட்டிருந்தனர். நியூயார்க்கு நகரத்து மேசி அங்காடியார் அதனை 89 செண்டுக்கு விற்றனர். 1908ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒருமுறை விற்றபின் அப்படியின் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பகத்தார்க்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது.

தொண்ணூறு ஆண்டு கழிந்து வந்த மின்னூலோ இவ்வுரிமைகள் யாவும் நீங்கியதாய் வந்தது. ராக்கெட் கருவிக்கு விற்கப்பட்ட நூல், வாங்கியவருடைய அவ்வொரு கருவியிலன்றிப் பிறிதொன்றில் திறவாவாறு பூட்டப்பட்டிருந்தது. கருவி பழுதுறின் அல்லது வணிகர் கடையடைப்பின் நூலின் கதி யாது? விடை சொல்வாரில்லை. தம் கணிப்பொறியிலுள்ள எழுத்துக்களை அக்கருவியில் ஏற்றிப் படிக்கும் வசதி முதலில் இருந்தது; கெம்ஸ்டார் கைப்பட்டபின் அதுவும் குறுக்கப்பட்டது. (அதே 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலரைக் கொண்டு தட்டெழுதிப் பூட்டின்றி வழங்கத் தொடங்கியதை ஈண்டு ஒப்புநோக்கலாம். அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டப்படவில்லை.)

இக்கருத்துக்கு வலிய சான்று சப்பான் நாட்டில் உள்ளது. 2004ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தார் அங்கு 'லிப்ரியே' என்னும் கருவியை வெளியிட்டனர். மின்மையால் எழுத்தைக் காட்டும் திரையுடன் விற்பனைக்கு வந்த முதற்படிப்புக் கருவி அஃதே. அத்திரை தானே ஒளிவிடாது, தாளைப் போலப் புறவொளியைத் திருப்பியனுப்புவது, பக்கம் மாறும்போதன்றி மின்னாற்றலை வேண்டாதது, எடையும் குறைவு. முன்னையவற்றின் உடற்குறை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால், அதற்கென அளிக்கப்பட்ட நூல்கள் அறுபது நாளில் தாமே படிக்கவொண்ணாதனவாயின! கருவி மக்களிடையே பரவவில்லை. நல்ல திரை இருந்தும் நூலை உடையராகும் நிலை இன்மையின் நேர்ந்த தோல்வி இது.

இங்கு ஒரு தடை எழும். 2007ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமேசான் நிறுவனத்தார் வெளியிட்ட 'கிண்டில்' கருவியின் நூல்களும் பூட்டப்பட்டனவே. அது மட்டும் ஐந்தரை மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தது எங்ஙனம்? தடை நேரிது. பூட்டு ஒன்றே தோல்வியைத் தரும் என்பது நம் கருத்தன்று. இழப்பதற்கு ஈடாகப் பெறுவது யாது என்பதே படிப்போர் வினா. கிண்டில் கருவிக்குத் தொடக்கத்திலேயே 90,000 நூல்கள் கிடைத்தன. கணிப்பொறியின் துணையின்றி, கம்பியில்லாத் தொடர்பால், இருந்த இடத்திலேயே ஒரு நிமிடத்தளவில் நூல் வந்து சேர்ந்தது. புகழ்பெற்ற புதுநூல்கள் பல 9.99 டாலருக்கு விற்கப்பட்டன. முன்னைக் கருவிகளோ உரிமையைக் கொண்டு, அதற்கு ஈடாகத் தந்தது மிகச் சிறிதே. அவற்றைப் படிப்போர் ஒதுக்கியது பழமைப் பற்றினால் அன்று; கணக்குப் பார்த்தே ஒதுக்கினர் எனல் பொருந்தும்.

இழப்பு இழப்பாகவே இருந்தது என்பது 2009ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளிப்பட்டது. உரிமையில்லாதார் ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' முதலிய நூல்களை, அமேசான் நிறுவனத்தார் வாங்கியவருடைய கருவிகளினின்றே தொலைவிலிருந்து அழித்து, விலையைத் திருப்பித் தந்தனர். நூலின்கண் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அரசின் ஆட்சிக்கு ஒவ்வாத பழைய எழுத்துக்களை எரிகுழியில் இடும் அலுவலகத்தைப் புனைந்த நூல் அது என்பதை அறிந்தோர் நகைத்தனர். மின்னூலை விற்குங்கால், தரப்படுவது உரிமமே என்பதைத் தெளிவுறக் கூறாமல் 'வாங்குக' என்னும் சொல்லை ஆளுதல் கூடாது என்ற சட்டம் 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதனை இயற்றியது, அவ்விரு கருவிகளும் பிறந்த கலிபோர்னியா மாநிலமே.