டிரைவர் மேல் போட்ட பழி

வீட்டுக் கணினி – 9

“மாமா, டிரைவர்தான் பிழை. அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடுவம்” என்றான் மருமகன்.

தெஹிவளையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. ரயில் போனால் மேசை அதிரும். அந்த மேசையில் கணினி எழும்பி நின்றது. ஆனால் திரையில் எழுத்தெல்லாம் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததுபோலப் பருத்துக் கிடந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கிராபிக்ஸ் அட்டையின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். பிழை எண் 43.

அட்டை பழையது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியபோது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு படியிறங்கியவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அந்த நாணயத்தைத் தோண்டுவதற்கென்று இரவு பகலாக ஓடிய அட்டைகளுக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. அப்படி வேலை போன ஆர்எக்ஸ் 580 ஒன்றைத்தான் பிற்பாடு, வீட்டில் வைத்து விற்ற ஒருவரிடம் வாங்கினேன். அவருடைய கணினியில் போட்டுக் காட்டினார். அழகாக ஓடியது. அதுதான் என்னை ஏமாற்றியது.

டிரைவர் என்றால் என்ன என்று இந்தத் தொடரில் இன்னும் சொல்லவில்லை. பஸ் ஓட்டுகிறவரை நாங்கள் சாரதி என்கிறோம். கணினிக்குள் இருப்பவரை மட்டும் டிரைவர் என்றே விட்டுவிட்டோம். இவர் ஓட்டுநரைவிட மொழிபெயர்ப்பாளருக்கே கிட்ட. விண்டோஸ் சொல்வதை அட்டைக்குப் புரியும்படி சொல்வதும், அட்டையின் பதிலைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவர் வேலை. அட்டை 2 செக்கனுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி எழுப்பும். விளையாட்டின் நடுவே திரை ஒருமுறை இருண்டு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். திரை இருண்டபடியே நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். ஒரு பீப் சத்தத்தோடு டிரைவர் புதிதாக எழும்பும்.

டிரைவருக்குக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று, பின்னர் நீதிமன்றத்தில் வெளியான மைக்ரோசொப்ட் ஆவணங்களே காட்டின. அந்தக் காலத்துப் பழி இன்னும் கழுவப்படவில்லை. ஆகவே மருமகனைக் குறை சொல்லமாட்டேன்.

இரண்டு இரவு போயிற்று. டிடியூ என்ற இலவச நிரலை இறக்கி, இணையக் கேபிளைக் கழற்றி (கழற்றாவிட்டால் நீங்கள் அழிக்க அழிக்க விண்டோஸ் தன் கையிருப்பில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடும்), சேஃப் மோடில் எழுப்பி, பழைய டிரைவரை வேரோடு பிடுங்கினோம். புதியதைப் போட்டோம். 43. ஒரு வருடம் பழைய பதிப்பைப் போட்டோம். 43. அட்டையைக் கழற்றினால் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருந்தன. இந்த உப்புக் காற்றில் யன்னல் கம்பியே பொருக்கு விடும்போது இது எம்மாத்திரம். பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துச் செருகினேன். தொடுமுனை பளபளத்தது, முக்கோணம் போகவில்லை.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. டிரைவர் ஏன் மறுக்கிறது என்று கேட்டோமே தவிர, அட்டை யார் என்று அதனிடம் கேட்கவில்லை. ஜிபியூ-இசட் என்ற சின்ன நிரல் அதைச் சொல்லும். பழைய சில்லுக்குப் புதுப் பெயர் சூட்டி விற்ற என்விடியா அட்டைகளை 2018இலிருந்து அது ‘போலி’ என்று முகத்துக்கு நேரே எழுதிக் காட்டுகிறது. எங்களுடையது போலியல்ல. உண்மையான 580க்கு இருக்கவேண்டிய 2304 கணிப்பு அலகுகளும் இருந்தன. 2048தான் இருந்தால் அது பெயரளவில்தான் 580. ஆனால் அதன் பயோஸ் (அட்டைக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) தொழிற்சாலையில் ஏற்றியது அல்ல.

நாணயம் தோண்டுவதற்கு நினைவகத்தின் வேகம்தான் உயிர். அதற்காக அட்டையின் பயோஸைத் திறந்து நினைவகத்தின் நேரக் கணக்குகளை மாற்றி எழுதுவார்கள். மாற்றியதும் அதிலிருக்கும் கையொப்பம் பொருந்தாமல் போகும். ஏஎம்டியின் விண்டோஸ் டிரைவர் அந்தக் கையொப்பத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடும், பொருந்தாவிட்டால் 43. தோண்டுகிறவர்கள் இந்தச் சோதனையையே தவிர்க்க ஒரு சின்ன ஒட்டு நிரலைத் தங்கள் கணினியில் போட்டிருப்பார்கள். விற்றவருடைய கணினியில் ஓடியதன் இரகசியம் அதுதான். அடையாள அட்டையைத் திருத்திக்கொண்டு வந்தவனை வாசலில் மறித்த காவற்காரனைத்தான் நாங்கள் இரண்டு இரவாகத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு சில அட்டைகளில் இரண்டு பயோஸ் இருக்கும். எங்கள் அதிர்ஷ்டம், இதிலும் இருந்தது. மேல் விளிம்பில், தீக்குச்சித் தலையளவில் ஒரு சுவிட்ச். தூசி படிந்து கறுத்திருந்ததால் மூன்று நாளாகக் கண்ணில் படவேயில்லை. கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, நகத்தால் மறுபக்கம் தள்ளினேன். சுவிட்ச் இல்லாத அட்டையென்றால் மூல பயோஸைத் தேடி மறுபடி எழுதவேண்டும். இடையில் கரண்ட் போனால் அட்டையே எழும்பாமல் போகலாம், ஆகவே யூ.பி.எஸ் இல்லாத வீட்டில் அதில் கைவைக்க வேண்டாம்.

டிரைவர் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தது. எழுத்துகள் மெலிந்து தங்கள் அளவுக்கு வந்தன. விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்படியொரு சுவிட்ச் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். நம்பலாம் போலத்தான் இருந்தது. மருமகன் அதற்குள் தன் அம்மாவின் நகப்பூச்சை எடுத்துவந்து, சுவிட்ச் இருக்கவேண்டிய பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டான்.