ஈவைற்று: கூறும் அமைப்பும்

கனிப்பொருளொன்றை அதன் இரசாயனக் கூறுகளைக் கொண்டு மாத்திரம் வகைப்படுத்த இயலாது என்பதற்கு நாம் ஈவைற்றைச் சான்றாகக் காட்டலாம். சுவீடனில், இரும்புக்கும் மங்கனீசுக்குமாக அகழப்பட்டு 1972இல் மூடப்பட்ட லோங்பான் சுரங்கத்திற் கிடைத்த இவ்வரிய கனிப்பொருளை 1968இல் போல் பி. மூர் விவரித்தார்.

இரு மங்கனீசு அணுக்கள், ஓர் ஆசனேற்றுக் கூட்டம், ஓர் ஐதரொட்சிற் கூட்டம்: இதுவே அதன் சூத்திரம். 1885இல் விவரிக்கப்பெற்ற சாக்கினைற்றின் சூத்திரமும் இதுவே! இரசாயனப் பகுப்பாய்வில் இரண்டும் ஒன்று. பளிங்கமைப்பில் அவை வேறு. ஈவைற்றின் மூன்று அச்சுக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. சாக்கினைற்றிலோ ஓர் அச்சு சாய்ந்துள்ளது. முன்னையது வெளிர்பச்சை, தன்னீர்ப்பு ஏறத்தாழ 3.8. பின்னையது, ‘தசை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த தன் பெயருக்கேற்பச் செந்நிறமுடையது. அணுக்கள் நெருங்கி அடுக்கப்பட்டமையால் அதன் தன்னீர்ப்பு 4.1 அளவாகும். உள்ளடக்கம் ஒன்றாயின் உருவம் பொருட்டன்று எனக் கூறும் நம் விமர்சக நண்பர் சிலர் இதனைச் சிந்திப்பாராக. அமைப்பும் பொருளுலகைச் சார்ந்ததே.

ஆகவே ஈவைற்றின் நெருங்கிய உறவை வேறிடத்தே தேடவேண்டும். மங்கனீசுக்குப் பதிலாக நாகத்தைக் கொண்ட ஆதமைற்று அதே அமைப்புடையது. ஆதாம் என்னும் பிரெஞ்சுச் சேகரிப்பாளரின் பெயரை 1866இல் பெற்ற அதற்குத் துணையாகவே, விவிலியத்து ஏவாளின் ஆங்கிலப் பெயரை மூர் இதற்குச் சூட்டினார்.