நரம்பைக் கெடுக்கும் சர்க்கரையும் நம் ஜீன்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் எங்கள் மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் முழுக்க ரத்தம். இரும்புச் சுருள் ஒன்று ஷூவுக்குள் விழுந்து உள்ளங்காலில் ஏறியிருந்தது. "காலையிலேர்ந்து நடந்துட்டிருக்கேன்பா, ஒண்ணுமே தெரியலையே!" என்றார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. அத்தைக்கும் அதே பத்து வருடம்தான். ஆனால் காலில் எறும்பு ஊர்ந்தாலே தெரியும். ஏன் இந்த வித்தியாசம்?

நரம்பை ஒரு வயர் என்று வையுங்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் மிஞ்சினால் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற என்சைம் அதைச் சார்பிட்டாலாக மாற்றி நரம்புக்குள் தேக்குகிறது. நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நீளமான வயருக்குத்தான் முதல் அடி. அதனால்தான் பாதத்தில் ஆரம்பிக்கிறது.

அந்த என்சைமுக்கான ஜீன் 7-வது குரோமோசோமில் இருக்கிறது. அதன் சில வகைகள் இருந்தால் பாதிப்பு கூடுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எல்லா மக்களிடமும் ஒரே முடிவு வரவில்லை. 2019-ல் வட அமெரிக்க நோயாளிகளிடம், நரம்பைக் காக்கும் ஒரு வகை 2-வது குரோமோசோமில் தெரிந்தது. ஆக, ஜீன் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும்.

நம்ம சென்னையில் 2008-ல் வெளியான க்யூர்ஸ் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 26.1 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. வயது, நோயின் காலம், ஹெச்பிஏ1சி அளவு, இந்த மூன்றும் அங்கே முக்கியமாக நின்றன. இதில் நம் கைக்குள் இருப்பது கடைசி ஒன்றுதான்.

மாமா அம்மாவின் அண்ணன். அந்த ஜீன் கணக்கில் எனக்கும் பங்குண்டு. அதனால் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். நம் பிசிக்ஸ் லேபில் இருக்குமே இசைக்கவை, அதை (இது 128 ஹெர்ட்ஸ்) தட்டி மாமாவின் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வு நின்னதும் சொல்லுங்க" என்றார். மாமா உடனே, "நின்னுடுச்சு சார்" என்றார். அது அதிர்ந்துகொண்டேதான் இருந்தது.