எதிராளியின் கணக்கையும் போடுங்கள்

நடுவர் அவர்களே! எதிரணியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! வீட்டில் டி.வி. முன்னால் இருக்கும் தாய்மார்களே!

நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என் ஊர். ‘ஜெயிப்பது பிடிவாதமா, விட்டுக்கொடுத்தலா?’ என்று தலைப்பு. விட்டுக்கொடுத்தல்தான் என்று சொல்ல வந்திருக்கேன்.

வீட்டுல ஒரே ஒரு தேங்காய் பர்பி. ரெண்டு பிள்ளைங்க. அம்மா என்ன சொல்றாங்க? “பெரியவனே, நீ வெட்டு. சின்னவன் முதல்ல எடுப்பான்.” பெரியவன் ஸ்கேல் வெச்சு வெட்டுறான்! (சிரிப்பு) தம்பி எதை எடுப்பான்னு யோசிச்சுத்தானே கத்தியை வைக்கிறான்? எதிராளி என்ன செய்வான்னு கணக்குப் போட்டு நம்ம முடிவை எடுக்கிறது. இதற்குப் பெயர் ஆட்டக் கோட்பாடு. 1944-ல் நியூமன், மார்கன்ஸ்டெர்ன் என்ற ரெண்டு பேர் இதைப் புத்தகமாகவே போட்டார்கள். ஜான் நாஷுக்கு 1994-ல் நோபல் பரிசே கிடைத்தது. நம்ம அம்மாவுக்குத்தான் கிடைக்கலை! (கைதட்டல்)

‘பேச்சு முறிஞ்சா யார் கையில என்ன மிஞ்சும்?’ பேரத்துக்கு அதுதான் ஆணிவேர் என்றார் நாஷ். எங்க ஊர்ப்பக்கம் அதைக் கண்ணால பார்த்தோம்.

2013. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் 5 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தது. அரசிடம் இருந்தது 93.56 சதவீதம். அன்றைய பங்குச் சந்தை விதிப்படி அரசு நிறுவனத்தில் 10 சதவீதம் பொதுப் பங்காக இருக்கணும். ஆகஸ்ட் 8 கெடு. ‘இன்னிக்குப் பங்கு, நாளைக்குக் கம்பெனியே தனியார் கையில’ என்று தொழிலாளிக்குப் பயம். ஜூலை 3-ல் வேலைநிறுத்தம்.

இப்பக் கணக்குப் போடுங்க. முறிஞ்சா தொழிலாளிக்குச் சம்பளம் போச்சு. அரசுக்குக் கெடு தவறும், கரி வெட்டு குறைஞ்சா கரண்ட்டும் குறையும். ரெண்டு பேருக்கும் நஷ்டம்!

‘மத்தவங்க ஸ்ட்ரைக் பண்ணட்டும், நாம வேலைக்குப் போயிடலாம்’னு ஒருத்தருக்கு ஆசை வரலாம். ஆனா நாளைக்கும் அதே குவார்ட்டர்ஸ், அதே டீக்கடை! முகத்துல முழிக்கணுமே? தினம் சந்திக்கிற உறவுதான் ஒற்றுமைக்குக் காவல்.

கடைசியில் வழி எப்படிப் பிறந்தது? ‘நாங்களே வாங்கிக்கிறோம்’ என்றது தமிழக அரசு. டிட்கோ, சிப்காட் முதலான மாநில அரசு நிறுவனங்கள் 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. பொதுப் பங்கு விதியும் நிறைவேறியது.

‘பிடிவாதம்தானே ஜெயிச்சது?’ என்பார் எதிரணி நண்பர். இல்லீங்க! ‘ஒரு பங்குகூட விற்காதே’ என்பதைத் தொழிலாளி தளர்த்தினார். ஐந்தையும் வெளிச்சந்தையையும் மத்திய அரசு விட்டது. மாநிலம் பணம் போட்டது. பயந்தது நடக்கலை, கெடுவும் தப்பலை.

மாமியார் மருமகள் சண்டையானாலும், பாகப்பிரிவினையானாலும், வாயைத் திறக்கும் முன்னால் எதிராளியின் நஷ்டத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்க. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஆகவே விட்டுக்கொடுத்தலே ஜெயிக்கும் என்று தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)